கதவைச் சாத்தியது யார்?

வாழவந்தி
9.6.2024

அன்புள்ள ஜேசுதாசுக்கு,

பொன்னுவேல் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தைத்தான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பக்கவாதம் வந்து கை கால் தேறிவிட்டது, நினைத்த வார்த்தைதான் வாயில் வர மாட்டேன் என்கிறது என்று கேள்விப்பட்டு நேற்று பஸ் ஏறி வந்தேன். உன் மருமகள் ஆஷ்லின், "மாமா தூங்கறாருங்க, இன்னொரு நாளைக்கு வாங்க" என்று வாசலோடு கதவைச் சாத்திவிட்டாள். போன் போட்டாலும் அதே பாட்டு. பகல் பதினொரு மணிக்குத் தூங்குகிற ஆளா நீ? எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவன்தானே, ஒரு வரி எழுது.

உன்
பொன்னுவேல்

ஏற்காடு
17.6.2024

மதிப்பிற்குரிய பொன்னுவேல் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலமாக இருக்கிறேன். ஓய்வு தேவைப்படுவதால் சிறிது காலம் யாரையும் சந்திக்க இயலாது. தவறாக எண்ண வேண்டாம்.

இப்படிக்கு,
ஜேசுதாஸ்

வாழவந்தி
21.6.2024

ஏம்ப்பா ஜேசுதாஸ்,

நான் மதிப்பிற்குரியவனா? என்றைக்காவது என்னை 'வாங்க போங்க' என்றிருக்கிறாயா? வார்த்தை வராதவன் கடிதம் இப்படி வழவழவென்று இருக்குமா? கையெழுத்தும் உன்னுடையது இல்லை. உன் மகன் கிறிஸ்டோ வெளியூரில். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். சோறாவது ஒழுங்காகப் போடுகிறாளா? எனக்கு வயிறு எரிகிறது. அடுத்த வாரம் ஞாயிறு, பூசை முடிந்ததும் உங்கள் சர்ச் சாமியாரையே கூட்டிக்கொண்டு வருகிறேன். ஊர் முன்னால் அவளைக் கேட்காமல் விட மாட்டேன். ஆஷ்லின், இதைப் படிப்பது நீதான் என்றால் நன்றாகவே படித்துக்கொள்.

பொன்னுவேல்

ஏற்காடு
26.6.2024

பலாப்பழம் தோள்ல வச்சு வருவியே, அந்த ஆளுக்கு,

நான்தான். என் கை.

ஆஷ்லின் கேக்கும். நான் தலை ஆட்டுவேன். அது எழுதும்.

வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க. "நான் யாரு, சொல்லு பார்க்கலாம்." வாயில குடை வருது. ஆடு வருது. சிரிக்கறாங்க.

நீ வந்தே. ஜன்னல்ல பார்த்தேன். ஆள் தெரியுது. பேர் தேடினேன். தேடினேன். இல்லை. கதவைச் சாத்துன்னு கை காட்டினது நான். அதைத் திட்டாதே. அது எனக்கு மக.

உன் பேர் உன் கடிதத்தில் இருக்கு. பார்த்து எழுத மனசு இல்லை.

ஞாயிறு வா. சாமியார் வேண்டாம். நீ மட்டும்.

நான் யாருன்னு மட்டும் கேக்காதே.

ஜேசுதாஸ்