அக்கா, உன் மேல் நான் சுமத்திய சொல்

என் அன்பு அக்கா,

நீ போய் எட்டு மாதமாகிறது. எஹலியகொடப் பக்கம் மறுபடியும் மழை பிடித்துவிட்டது. நம் ரப்பர்த் தோட்டத்தில் இப்போது மழை நாளில் மேல்மலைக்கு யாரையும் அனுப்புவதில்லை. அன்றைக்கே இதைச் செய்திருக்கலாம், இல்லையா?

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அன்று காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நீ பேசியதை ஆபிஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நானும் கேட்டேன்.

"சார், மேல மண்ணு வெடிச்சிருக்குங்க. மழை விடட்டும், அப்புறம் தண்ணி போகக் கான் வெட்டுறோம்," என்றாய்.

"தண்ணி ரோட்டுக்கு வந்திரும். ஆளக் கூட்டிட்டுப் போங்க கங்காணியம்மா. நான் சொல்றேன்ல?" என்றார் ஃபீல்ட் ஆபிசர்.

பக்கத்து லயத்துச் செல்வியின் புருஷன் முருகையாவை அழைத்துக்கொண்டு நீ ஏறினாய். கொஞ்ச நேரத்தில் மண் சரிந்து உங்கள் இருவரையும் மூடிவிட்டது. சாயங்காலம்தான் எடுத்தார்கள்.

உன் காரியம் முடிந்த மறுநாள், விபத்து அறிக்கையை இங்கிலீஷில் எழுதச் சொன்னார்கள். உன்னை ஃபீல்ட் ஆபிசர் அனுப்பினார் என்று, 'சென்ட்' போட்டு எழுதினேன். அவர் பேனாவால் அதை வெட்டினார்.

"'ஆர்கனைஸ்'னு போடுங்க. கங்காணி வேலைய ஆர்கனைஸ் பண்ணினாங்க. அவங்களுக்கு அதுதானே மரியாதை?"

"'சூப்பர்வைஸ்'னு போடட்டுங்களா சார்?"

"எல்லாம் ஒண்ணுதான்."

ஒன்றில்லை, அக்கா. எனக்குத் தெரியும். இன்னொருவர் கொடுத்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்பவர் சூப்பர்வைஸ் செய்கிறார். வந்து விழுந்ததைச் சமாளிப்பது ஹேண்டில். ஆர்கனைஸ் என்றால் எந்த இடம், எந்த நேரம், எந்த ஆள் என்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தவளே நீ என்றாகிவிடும். இரத்தினபுரி இங்கிலீஷ் வகுப்பில் இந்தச் சொற்களைப் பிரித்துப் பிரித்துப் படித்தவள், தெரிந்தே அதை டைப் செய்தேன். வேலை போனால் தோட்டம் கொடுத்திருக்கும் லயக் காம்பராவும் போய்விடுமே என்ற பயம். அந்தப் பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து விசாரணைக்கு வந்த தொழில் திணைக்கள அதிகாரி, எல்லார் முன்னாலும் அந்த அறிக்கையை என்னைத் தமிழில் சொல்ல வைத்தார். "வேலையை ஏற்பாடு செய்தது இறந்துபோன கங்காணி." செல்வி நிமிர்ந்து பார்த்தாள். அன்று சாயங்காலமே நம் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"உங்க அக்காவா எம் புருசன மேல கூட்டிட்டுப் போக முடிவு பண்ணுனாங்க? நான் அவங்க பொட்டியையும் கட்டிப் புடிச்சில்ல அழுதேன்?"

விடிந்ததும் முதல் பஸ்ஸில் இரத்தினபுரிக்கு, அந்த அதிகாரியின் ஆபிஸுக்குப் போனேன்.

அதிகாரி அறிக்கையைப் பார்த்துவிட்டு, "மேக்க வெரதித?" என்றார் சிங்களத்தில். இது தவறா என்று கேட்கிறார்.

"வெரதி நெமேய் மாத்தயா, பொரு," என்றேன். தவறில்லை ஐயா, பொய்.

நான் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டார். அனுப்பியவர் யார் என்றும் எழுதினேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். காம்பரா போய்விடும் என்ற பயத்தையும் எழுதிக் கொடுத்தேன்.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை, அக்கா. மேல்மலை என்று தான் சொல்லவே இல்லை என்கிறார் ஃபீல்ட் ஆபிசர். பெரட்டில் நின்றவர்களில் பாதிப்பேருக்கு இப்போது ஒன்றும் ஞாபகமில்லையாம். என்னை ஆபிஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். பால்வெட்டுக்குப் போகிறேன். லயக் காம்பரா இன்னும் இருக்கிறது, எத்தனை நாளைக்கோ.

செல்வியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க அக்கா மேல இருந்த கோவம் போயிருச்சு. உன் மேலதான் போகல," என்றாள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? உன்னிடம்தான் எந்த முகத்தோடு கேட்பேன்?

விசாரணை மறுபடி கூடும்போது செல்வியும் வந்து உட்காருவாள். அவள் முன்னால், அவளுக்குப் புரிகிற தமிழில், அன்று காலையில் கேட்டதை வாய்விட்டுச் சொல்வேன். அதை மறைத்தவள் நான் என்பதையும் விடாமல் சொல்வேன். இது சத்தியம், அக்கா.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவள்,
தங்கச்சி ராணி