நான் துடைக்காத ஒரே கனெக்டர்

அன்பு மகளுக்கு,

உன் எலக்ட்ரீசியன் எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நீயும் அப்படி இருந்தால் போதும், அதற்கு மேல் நலம் விசாரிக்க எனக்கு வராது. உன் அம்மாவைக் கட்டிக்கொண்டபோது எனக்கு இருபத்தெட்டு, உனக்குப் பதினேழு, அப்பா என்று கூப்பிடு என நான் கேட்டதும் இல்லை, நீ கூப்பிட்டதும் இல்லை, அது அப்படியே இருக்கட்டும். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. அவள் செருப்பு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது, பெருக்கும்போது தூக்கிவிட்டு அங்கேயே வைக்கிறேன். உன் சித்தி வந்து அலமாரியை ஒழித்துத் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன், முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நீ கேட்டது இரண்டு. அம்மாவின் பழைய கார் ஓட வேண்டும், அவள் எழுதி ஒட்டிய லேபிள்கள் உனக்கு வர வேண்டும். கார் ஓடுகிறது. லேபிளைக் கெடுத்துவிட்டேன். போன வருஷம் நான் வயரிங்கைக் கழற்றியபோது அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கனெக்டருக்கும் காகித டேப்பில் பேர் எழுதினாள். எது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், உனக்கெதற்கு இந்த வேலை என்று எரிந்து விழுந்தேன். அவள் பாட்டுக்கு எழுதினாள். ஒன்றில் ‘இது ரெண்டாவது ஹாரன், முதல் ஹாரன் இவரு’ என்று எழுதி என் மூக்குக்கு நேரே ஆட்டினாள். போன ஞாயிறு முறைப்படிதான் தொடங்கினேன், பேட்டரி மைனஸைக் கழற்றி, ஷெட் கதவைத் திறந்து, கையுறை போட்டு, பிளாஸ்டிக்கைத் தின்னாத கிளீனரை எடுத்தேன், பின்கள் வளையாமல் நைலான் பிரஷால் பச்சைக் களிம்பைத் தேய்த்தேன். லேபிள் இருந்தால் முதலில் படம் எடு, பை சுற்று, பிறகு ஸ்பிரே அடி என்று ஒர்க்ஷாப்பில் எல்லாரிடமும் கத்துகிறவன் நான்தான். அன்றைக்கு அவள் எழுத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய முடியவில்லை, முடித்துத் தொலைத்தால் போதும் என்று வரிசையாக அடித்துக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தால் மை நீலமாக வழிகிறது, துணியால் ஒற்றினேன், இருந்ததும் போயிற்று. இருபத்தைந்து லேபிள். வீடு முழுக்கத் தேடிவிட்டேன், எல்லாவற்றையும் போனிலேயே எழுதுகிறவள், வங்கிக் காகிதத்தில் போட்ட கையெழுத்து தவிர ஒன்றும் இல்லை.

இருபத்தாறாவது ஒன்று தப்பித்தது. அது எதிலும் மாட்டாத கனெக்டர், அதனால் துடைக்கவில்லை. அந்த லேபிளை அன்றுதான் படித்தேன். ‘இது எதுக்கு? கேட்டா கத்துவாரு’ என்று இருக்கிறது. உன்னிடம் காட்டாமல் மறைத்துவிடலாம் என்று நாலு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். மறைத்தால் அவள் எழுத்து உனக்கு இல்லாமலே போய்விடும், அதனால் இந்த உறையில் வைத்திருக்கிறேன். அது பின் கண்ணாடி வைப்பருக்கு வருகிற கனெக்டர், நம் காரில் பின் வைப்பர் கிடையாது. சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காது.

நீ நன்றாக இரு, நீண்ட நாள் இரு. உன் ஹீட்டர் பிளக் கருகியிருந்தது என்றாயே, மாற்றிவிடு. எது கேட்க வேண்டுமென்றாலும் கேள், கத்த மாட்டேன். உறையை மெதுவாகப் பிரி, டேப் பழசு, கிழிந்துவிடும்.

இப்படிக்கு,
முதல் ஹாரன்