காட்டாத சீட்டு

மேனாம்பேடு,
திங்கள் காலை.

அன்புள்ள கஸ்தூரிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முதுகுவலி தேவலையா? அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாயா?

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி ஆட்கள் என் அறைக்கு வருகிறார்கள், ரம்மி ஆடுகிறோம். பயப்படாதே, டீச்செலவுக்கு மேல் போகாது. வந்த புதிதில் ஜெயித்தால் தலைகால் புரியாது. தோற்றால் யாரோடும் பேசமாட்டேன். இப்போது பையிலுள்ள சில்லறை தீர்ந்ததும் எழுந்துவிடுகிறேன்.

நேற்று கடைசி ஆட்டத்தில் எனக்குச் சீக்கிரமே சீட்டு சேர்ந்துவிட்டது. காட்டினால் ஜெயம்தான். ஆனால் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அதனால் எடுத்த சீட்டையே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். முடிவில் என்னோடு லேத்தில் நிற்கும் சுலைமான் ஜெயித்தான். மற்றவர்கள் போனதும் என் சீட்டைத் திருப்பிப் பார்த்தான்.

“இன்னா மாமே, அப்பவே முடிஞ்சிகீதே. ஏன் காட்டல?”

கவனிக்கவில்லை என்றேன். அவன் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு, “சரி, இன்னொரு ஆட்டம் போடு” என்று உட்கார்ந்தான்.

பருப்புப்பொடி அனுப்பு, அவனுக்கும் சேர்த்து. தலையணை உறை ஒன்று வேண்டும், நீ உபயோகித்ததே போதும். இன்லண்ட் லெட்டரில் பாதி இடத்தைச் சும்மா விடுகிறாய். மடிக்கிற ஓரம் வரைக்கும் எழுது, சேதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன்
சண்முகசுந்தரம்