பரசுராமனின் பாட்டில்

கொருக்குப்பேட்டை
12.6.2004

அன்பு மகன் அன்பரசனுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட் வெயிலில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உன் நைனா சுகமா என்பதற்குப் பதில் கடைசியில் வருகிறது, அவசரப்பட்டுத் தாளைத் திருப்பாதே.

நம் தெருக்கோடி ஆஸ்பத்திரிக்குச் சுகிர்தம் என்று புது டாக்டரம்மா வந்திருக்கிறார். சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள் மாத்திரை வாங்கிக்கொண்டு ஓடினால் போதாது, சிறுநீரும் கொடுத்தாக வேண்டும், கிட்னி கெடும்போது வலி காட்டாது, தெரிய வரும்போது பாதிக்கு மேல் போயிருக்கும் என்று சொல்லி உன் நைனா கையிலும் ஒரு பாட்டிலைக் கொடுத்தார். நைனா யார்டில் கிரேன் ஓட்டிய காலத்தில் வருஷா வருஷம் மெடிக்கல் வரும். சர்க்கரை தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயந்து, உன் நைனா உட்படச் சர்க்கரைக்காரர்கள் எல்லாம் பக்கத்து வீட்டுப் பரசுராமனிடம் சிறுநீர் கடன் வாங்குவார்கள். அவருக்குச் சர்க்கரை கிடையாது, ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் யாருக்கும் இல்லையென்று சொல்லமாட்டார். இப்போது உன் நைனா ரிட்டயர்டு, அவரை இறக்கிவிட ஆளே இல்லை, ஆனாலும் பாட்டிலைக் கண்டதும் கால் தானாகப் பரசுராமன் வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் டாக்டரம்மா, சர்க்கரை துளியும் இல்லை, ஆனால் புரதம் ஏகமாக ஒழுகுகிறது, கிட்னியில் கோளாறு இருக்கும், உடனே ரத்தமும் கொடுங்கள் என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் மீன் குழம்பைத் தொடவில்லை. நான் விடாமல் கேட்கவும், "அது என்னுது இல்ல ரமா, பரசுவோடது" என்றார். சொல்லாமல் விட்டால் பரசுராமனின் கிட்னி போகும், சொன்னால் இவர் மானம் போகும். மானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இருவரையும் கிளப்பிக்கொண்டு போனேன்.

பரசுராமனுக்கு டாக்டரம்மா பிரஷரை இரண்டாம் முறையும் பார்த்தார், அவ்வளவு ஏறியிருந்தது. மனிதர் முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப் மாத்திரையைப் பெப்பர்மிண்ட் மாதிரி சாப்பிட்டு வந்திருக்கிறார். அதை நிறுத்தி, பிரஷருக்கு மாத்திரை எழுதி, உப்பைக் குறைத்து, கருவாட்டுக்கும் தடை போட்டார். போனது திரும்பாது, இருப்பதை ரொம்ப நாள் காப்பாற்றலாம் என்றார். உன் நைனா தலை நிமிரவேயில்லை. பரசுராமன்தான், "இத்தினி வருசமா ஒன்னிய காப்பாத்துச்சி, இப்ப என்னிய காப்பாத்திக்கிச்சி. இதுக்கு இன்னாத்துக்கு மாமு மூஞ்சிய தொங்கப்போட்டுகினு கீற, டீ வாங்கு" என்றார். அதற்குள் நர்சு ஜெயக்கொடி உன் நைனாவைப் பிடித்துக்கொண்டு போய்க் கழிப்பறை வாசலில் போலீஸ்காரர் மாதிரி நின்றுவிட்டாள். இந்த முறை அவருடையதேதான்: சர்க்கரை தாராளம், புரதம் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது, நேரத்தோடு கண்டோம் என்று மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் சுகம் என்றே எழுதுகிறேன். பரசுராமனுக்கும் இப்போது நம் வீட்டுச் சாப்பாடுதான், உப்பு கம்மி என்று இருவரும் சேர்ந்து என் சமையலைத் திட்டுகிறார்கள், திட்டட்டும்.

தலைவலி மாத்திரை தினமும் போடுவதாக எழுதியிருந்தாய். நிறுத்திவிட்டுப் பிரஷர் பார். தண்ணீர் குடி. நீண்ட ஆயுளோடு நன்றாக இரு மகனே. உன் கம்பெனி மெடிக்கலுக்கு யாரிடமும் கடன் வாங்காதே, யாருக்கும் கொடுக்காதே, உன் பாட்டிலில் உன்னுடையதே இருக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா ரமாபாய்