இடுப்புக்குத் திரும்பும் கை

இன்று காலை வலது மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். நம் இருவர் மேலும் எப்போதும் அடித்துக்கொண்டிருந்த நெடி அது. உன் வீட்டுக்காரர், நீங்கள் கராத்தே கற்றுக்கொள்கிறீர்களா தைலக் கம்பெனி நடத்துகிறீர்களா என்று கேட்பார். என் மணிக்கட்டில் ஒருவனுடைய விரல்கள் பதிந்து கன்றிப்போயிருக்கின்றன. வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் கொஞ்ச நாளாக எனக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். யார் யாரிடமோ சொல்லியாகிவிட்டது, உன்னிடம் சொல்லாமல் அது தீரமாட்டேன் என்கிறது. நாம் கிடங்கில் உருண்டு புரண்டு கண்டுபிடித்தது நிஜத்தில் வேலை செய்கிறது. அதனால்தான் என் தங்கை இப்போது பக்கத்து அறையில் இருக்கிறாள், செங்கத்தில் இருக்கும் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை.

நாம் வீராங்கனைகளாக வேண்டும் என்று அந்த வகுப்பில் சேரவில்லை. உன்னை டாக்டர் சுகர் என்று மிரட்டியிருந்தார். என்னை இறுகிப்போன என் ரவிக்கைகள் மிரட்டின. செங்கம் ரோட்டில் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் காலை வகுப்பு. கல்லூரிப் பெண்களுக்கு நடுவில் நாம் இரண்டே பேர்தான் நாற்பதைத் தொட்டவர்கள். வேங்கிக்கால் அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிற நானும், டவுனில் அப்பாவின் ஹார்டுவேர் கடையைக் கட்டி ஆண்ட நீயும். முதல் நாளே என் வெள்ளை உடையின் நாடா அவிழ்ந்துவிட, நீ முன்னால் வந்து நின்று மறைத்துக்கொண்டாய். அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது.

மாஸ்டருக்குக் கட்டா என்றால் உயிர். எதிரே ஆள் இல்லாமல், வரிசை மாறாமல் செய்கிற அசைவுகள். திரும்பு, தடு, குத்து, மறுபடி திரும்பு. அழகாக இருக்க வேண்டும் என்பார். அவர் மேல் குற்றமில்லை. போட்டியில் அழகுக்குத்தான் மதிப்பெண், அதை வைத்துச் சில பெண்களுக்குக் கல்லூரியில் இடமே கிடைத்தது. நமக்கு எந்தப் பதக்கமும் கிடைக்கப்போவதில்லை என்பதால் உனக்குக் கேள்வி கேட்க நேரமிருந்தது. ஒரு கை குத்தும்போது இன்னொரு கை ஏன் இடுப்புக்கு வருகிறது என்று கேட்டாய். பலத்துக்காக என்றார். நீ தலையாட்டினாய். நீ ஒத்துக்கொள்ளாமல் தலையாட்டுகிற விதம் எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

அப்புறம்தான் அந்தப் பௌர்ணமி. சுகருக்கு நல்லது என்று நீயும் என்னோடு கிரிவலப் பாதையில் நடக்க வருவாய். அடி அண்ணாமலை தாண்டி, கூட்டம் நெருக்கிய இடத்தில் ஒருவன் உன் கைப்பையைப் பிடித்து இழுத்தான். நீ கால் அகற்றி, அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டு, ஒரு குத்து விட்டாய். மாஸ்டர் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். அவ்வளவு சுத்தம். அந்தக் குத்து அவன் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் அப்படியே நின்றுவிட்டது. வகுப்பில் எதிராளிக்கு அடிபடாமல் நிறுத்தித்தானே நமக்குப் பழக்கம். அவன் உன் கை முட்டியை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாம் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் பயந்துபோனார். பையில் இருந்தது சுகர் மாத்திரையும் கடைச் சாவியும்தான். சிரித்து ஓய்ந்ததும் நீ டம்ளரைத் தள்ளி வைத்தாய். உன் முகம் மாறியிருந்தது. இத்தனை நாள் எதைக் கற்றுக்கொண்டோம் என்ற கோபம் அது. கடைப் பூட்டை உடைக்க ஆள் தேட வேண்டியிருந்தது வேறு அந்தக் கோபத்தை ஏற்றிவிட்டது.

அடுத்த பௌர்ணமிக்கு மண்டபத்தைப் பக்தர்கள் தங்கக் கொடுத்துவிட்டதால், உன் கடைக் கிடங்கிலேயே பயிற்சி செய்யலாம் என்றாய். அங்கே வேலையாள் ஒருவர் துருப்பிடித்த பைப்பை ரிஞ்சு போட்டுத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தார். நீ அவரையே பார்த்தபடி நின்றாய். பிறகு என்னைக் கூப்பிட்டு உன் மணிக்கட்டைப் பிடிக்கச் சொன்னாய்.

"இங்க பாரு. பைப்ப ஒரு கையில கெட்டியா புடிச்சாதான் இன்னொரு கையில ரிஞ்சு போட முடியும். இல்லன்னா பைப்பே சுத்தும். இடுப்புக்கு வர்ற கை சும்மா வர்லடி. அவன் கைய புடிச்சி இழுத்துக்கினு வருது."

அதோடு கட்டா முழுவதும் தலைகீழாகிவிட்டது. முதல் கட்டாவின் முதல் அசைவை எடுத்துக்கொண்டோம். இடது கை காதோரம் போய்க் கீழே இறங்கும், வலது கை இடுப்புக்கு வரும். வயிற்றை நோக்கி வருகிற உதையைத் தடுப்பது என்று சொல்லியிருந்தார்கள். தெருவில் எவன் அவ்வளவு மரியாதையாக எதிரே நின்று உதைக்கிறான் என்று கேட்டாய். ஒருவன் உன் வலது கையைப் பிடித்திருக்கிறான் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்தியது. பிடித்த கையைத் திருப்பிப் பிடித்து இடுப்புக்கு இழுக்கிறோம், அவன் கை நீள்கிறது, மேலிருந்து வருகிற நம் முன்கை அவன் முழங்கைக்கு மேலே அழுத்தி இறங்குகிறது. நீ மெதுவாகத்தான் செய்தாய். நான் சிமெண்டுத் தரையில் மண்டி போட்டிருந்தேன்.

நாம் கண்டுபிடித்ததெல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். ஒரு திருப்பத்தில் ஆளைத் தூக்கி எறியலாம் என்று நீ அடம்பிடித்து, இருவரும் பி.வி.சி. பைப் அடுக்கின் மேல் விழுந்து, சத்தம் கேட்டு உன் வீட்டுக்காரர் ஓடி வந்தார். அதை நான் மறந்துவிட்டதாக நீ நினைத்திருந்தால் தப்பு. ஒன்றில் மட்டும் நீ விடவே இல்லை. பிடிக்கிறவள் நிஜமாகப் பிடிக்க வேண்டும். வகுப்பில் எதிராளி பாதியிலேயே மரியாதைக்கு விட்டுவிடுவாள், நாமும் ஜெயித்ததாக நினைத்துக்கொள்வோம். நான் ஒருமுறை அப்படித் தளர்த்தியபோது நீ கையை உதறிவிட்டுச் சொன்னாய்: "விட்டுக் குடுக்காதடி. எனக்கு ஒத்தாசை பண்றேன்னு என்ன ஏமாத்தற."

மாஸ்டரிடம் செய்து காட்டினோம். பொறுமையாகப் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நிஜமாக ஒருவன் பிடித்தால் தலையில் ஒன்றும் நிற்காது என்றார். நீ வாதாடுவாய் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது, அவர் சொல்வதும் நியாயம்தான், ஒருநாள் பார்த்தால்தான் தெரியும் என்றாய்.

அந்த ஒருநாள் வருவதற்குள் நீ போய்விட்டாய். போன மழைக்காலத்தில் மார்பு வலி என்றார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனதோடு சரி. நான் வகுப்பை விட்டுவிட்டேன். துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். துக்கம்தான். ஆனால் என் மணிக்கட்டை நிஜமாகப் பிடிக்க ஆளில்லை என்பதும் ஒரு காரணம். இதை வேறு யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

என் தங்கையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தை மூடிய ரவிக்கை ஏன் போடுகிறாள் என்று முதல் சந்திப்பிலேயே என்னைத் தனியாகக் கேட்டவள் நீ. அவள் போன வாரம் ஒரு சின்னப் பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு நாள் அந்தப் பையைப் பிரிக்கவே இல்லை. மூன்றாம் நாள் காலை, நான் ஆபீசுக்கு டப்பா கட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

இறங்கி வந்த அவள் புருஷன் குடித்திருக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. அழைத்துப்போக வந்திருப்பதாகச் சொன்னான். அவள் வரவில்லை என்றேன். உள்ளே எட்டிப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நான் திறந்திருந்த கிரில் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தபடி குறுக்கே நின்றேன். என் வலது மணிக்கட்டைப் பிடித்தான். எலும்பு நெரிகிற பிடி.

"நவுருங்க. இது எங்க வூட்டு விஷயம்."

பின்னால் தங்கையின் குரல் கேட்டது. "வுடுக்கா. நான் போய்க்கிறேன்." திரும்பிப் பார்த்தால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அழுகைகூட இல்லை. பஸ் வந்துவிட்டது என்று கிளம்புகிறவளைப் போல நின்றாள். அந்த வீட்டுக்கு இந்தத் தடவை போனால் அவள் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

மாஸ்டர் சொன்னது உண்மை. என் தலையில் ஒன்றுமே இல்லை. கட்டா இல்லை, பைப் ரிஞ்சு இல்லை, நீகூட இல்லை. கை மட்டும் இருந்தது. அது உதறவில்லை. அவன் பிடிக்குள்ளேயே சுழன்று அவன் மணிக்கட்டைப் பிடித்து என் இடுப்புக்குக் கொண்டுவந்தது. உடம்பு திரும்பியது. இடது முன்கை காதோரத்திலிருந்து இறங்கி அவன் முழங்கைக்கு மேலே உட்கார்ந்தது. எந்த இடத்திலும் நிற்கவில்லை. அடுத்து நான் பார்த்தது அவன் பிடரியை. என் வாசல் கோலத்தின் மேல் மண்டி போட்டிருந்தான். கை, கை என்று முனகினான்.

அடிக்க எனக்கு ஆசை இருந்தது. பொய் சொல்லமாட்டேன், நிறையவே இருந்தது. ஆனால் அதற்குத் தேவை இருக்கவில்லை. கூடுதலாக விரல் அளவு அழுத்தினால் முழங்கை போய்விடும் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது. ஆபீசில் ஆவணம் குறைகிறது என்று சொல்லுவேனே, அந்தக் குரலில் சொன்னேன்.

"அவ வர்ல. ஆட்டோவத் திருப்பி அனுப்பிடு."

அப்போது தங்கை வாசலுக்கு வந்தாள். அவனை மேலிருந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்திருக்கவே முடியாது. நெடுநேரம் பார்த்தாள். பிறகு பையைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தாள். உள்ளே போய்ப் போனை எடுத்து மகளிர் காவல் நிலையத்துக்கு அவளே பேசினாள். விலாசம் கேட்டிருப்பார்கள் போல. என் வீட்டு விலாசத்தைச் சொன்னாள்.

நான் பிடியை விட்டு, அவன் ஆட்டோவில் ஏறிப் போன பிறகு படியில் உட்கார்ந்தேன். தங்கை காபி போட்டுக் கொடுத்தாள். பாயசம் மாதிரி சர்க்கரை ஜாஸ்தி. நீ இருந்தால் மோந்துகூடப் பார்க்கக் கூடாத காபி. முழுவதும் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்குப் போனேன். மாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவங்க இருந்திருக்கணும் என்று உன்னைச் சொன்னார். பிறகு வகுப்பை நிறுத்தி, எல்லாரையும் இருவர் இருவராக நிற்கவைத்து, மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லி, என்னை முன்னால் வந்து சொல்லிக்கொடுக்கச் சொன்னார். யாரும் விட்டுக் கொடுக்கக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன்.

நேற்றுத் தங்கையின் சாமான்களை எடுத்துவர செங்கத்துக்குப் போனோம். துணைக்கு ஒரு பெண் காவலரும் வந்திருந்தார். நான்தான் முன்னால் போவதாக இருந்தேன். தெரு முனையில் தங்கை என்னைத் தாண்டி நடந்தாள். அவன் வாசலில் நின்றிருந்தான். அவள் கையை உயர்த்தவில்லை, குரலையும் உயர்த்தவில்லை, நடையைக்கூடக் குறைக்கவில்லை. அவன் ஒதுங்கி நின்றான். உள்ளே போய் சர்டிபிகேட்டுகளையும் துணிமணிகளையும் எடுத்துக்கொண்டாள். அவசரமே படவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு புடவையைக்கூட நிதானமாக மடித்து வைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டு. என் வீட்டுக்கு வந்ததிலிருந்து சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தவள், டிரைவர் அடித்த ஆரனுக்கெல்லாம் அசையவில்லை. மலை கண்ணில் பட்டபோது என் தோள் மரத்துப்போயிருந்தது. இறங்குகிற வரைக்கும் நான் நகரவில்லை. இவ்வளவு கனமாக அவள் தூங்குவதற்கு நீதான்டி காரணம்.