கல்யாணமானவர்களிடம் கேட்காத ஐந்து கேள்விகள்

பேர்லேண்ட், மார்ச் 1997

கயல் அப்பாவுக்கு,

அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை.

எங்கள் எய்ட்ஸ் தடுப்பு ஆய்வுக்காக, மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய பெண்களிடம் கேட்கும் படிவத்தை எழுதியது நான்தான். "திருமணமானவர் என்றால் அடுத்த ஐந்து கேள்விகளை விட்டுவிடவும்" என்று அதில் சேர்த்ததும் நான்தான். இன்னொருத்தன் மனைவியிடம் படுக்கையைப் பற்றி எப்படிக் கேட்பது என்ற கூச்சம். நம் ஊர் வளர்ப்பு.

போன வருடம் ஒரு பெண்ணிடம் அந்த ஐந்தையும் கேட்காமல் பக்கத்தைப் புரட்டினேன். டாலஸில் கட்டட வேலை பார்க்கும் அவள் கணவன் மாதம் ஒருமுறை வருவான். நேற்று அவளுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று முடிவு வந்தது. விட்டுப்போன ஐந்தையும் அப்போதுதான் கேட்டேன். "என் புருஷனைத் தவிர யாரையும் எனக்குத் தெரியாதே. நீங்க ஏன் அன்னைக்கே என்னைக் கேட்கலை?" என்றாள்.

நீங்களும் சான் ஹோசேயிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருகிறீர்கள். தீபாவளிக்கு வந்தபோது டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். "நான் என்ன அந்த மாதிரி ஆளா? உன் ஆபீஸ் வேலையை பெட்ரூமுக்குள்ள கொண்டு வராதே!" என்று கத்தினீர்கள். கயல் விழித்துக்கொள்வாளே என்று வாயை மூடிக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கூப்பிட்டபோது உங்கள் அபார்ட்மெண்ட்டில் போனை எடுத்த பெண் யார் என்று இப்போதும் கேட்கப்போவதில்லை.

படிவத்தில் அந்த வரியை இன்று அடித்து நீக்கிவிட்டேன். ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. ஐந்துக்கும் பதில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை வரும்போது ரத்தப் பரிசோதனை முடிவும் கையில் இருக்கட்டும். இல்லையென்றால் ஹாலில் சோபா இருக்கிறது.

என் ரத்தத்தையும் இன்று காலை அதே பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
'திருமணமானவர்' என்ற கட்டத்தில் டிக் போட்டவள்