படத்தில் இருந்த களி

புதன்கிழமை, இரவு

புது பைபாஸ் வந்த பிறகு குடிபாலாவில் எங்கள் மெஸ் இருக்கும் பழைய ரோட்டில் வண்டிகள் குறைந்துவிட்டன. அதனால் போன மாதம் போன் மேப்பில் கடையை நானே சேர்த்தேன். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் இருக்கும் படத்தையும் போட்டேன்.

இன்று மதியம் வேலூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கிய பெரியவர் போனை என்னிடம் நீட்டினார்.

“இந்தக் களிக்காகத்தாம்மா பைபாஸ உட்டு எறங்கி வந்தோம்.”

களி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் செய்கிறேன். அதைப் படத்துக்குக் கீழே எழுத எனக்குத் தோன்றவில்லை. இல்லை என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. காரை நோக்கித் திரும்பி நடந்தார்.

“சோறு இருக்குது, துன்னா துன்னட்டும். உடுமே” என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே ஓடினேன். “அரை மணி நேரம் குந்துங்க நைனா, கிண்டித் தர்றேன்.”

உட்கார்ந்தார்கள். காரில் வந்த ஐந்து பேரும் சாப்பிட்டார்கள். பெரியவர் இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கினார். அவர் மகள் இலையைப் படம் பிடித்து, “நானும் போட்றேன்க்கா” என்றாள்.

ஆனாலும் அந்தச் சுருங்கிய முகம் கண்ணிலேயே நிற்கிறது. பொய் சொல்ல நினைக்கவில்லை. சொன்ன மாதிரிதான் ஆகிவிட்டது. இனி அன்றன்று சமைப்பதை அன்றன்று காலையிலேயே படம் எடுத்துப் போடுவேன். ரோடு தள்ளிப் போனால் போகட்டும், படத்தை நம்பி இறங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். நாளைக்குக் கொள்ளுக் குழம்பு. கொள்ளை ஊறப் போட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும்.